கண்டக்டர் பொன்னுராஜின் கரகரப்பு

என் அண்ணன் பொன்னுராஜ் பஸ் கண்டக்டர். தளவாய்புரத்தில் கிளம்பி, எங்கள் ஊரான செட்டியார்பட்டியைத் தொட்டு, ராஜபாளையம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பும் பச்சை நிறத் தனியார் பஸ் அது. அதில் ஹாரன் பாதி நாள் வேலை செய்யாது. முதலாளி அதைச் சரி செய்யாததற்கு என் அண்ணனின் தொண்டைதான் காரணம் என்பார் டிரைவர் கருத்தையா. "பஞ்சு மார்க்கெட் எறங்கு!" என்று அவன் குரல் கொடுத்தால், அங்கே இறங்க வேண்டாதவர்கள்கூடப் பதறி எழுந்து பையைத் தேடுவார்கள்.

அந்தக் குரல் போய்விடுமோ என்று ஒரு வருஷம் முழுக்க அம்மாவும் தங்கச்சியான நானும் பயந்து கிடந்தோம்.

பயப்படக் காரணம் இருந்தது. எங்கள் அப்பா வேலுசாமி மில் தொழிலாளி. வாயில் பீடி அணையாது. ஒரு மழைக்காலத்தில் அவர் குரல் கரகரத்தது. சளி என்றார். அம்மா மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப்போட்டுக் கொடுத்தாள். சளி போகவில்லை, அப்பாதான் போனார். கடைசி மாதங்களில் ஆளைக் கூப்பிடக் குரல் இல்லாமல் டம்ளரைத் தரையில் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இருமுவது குற்றம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வேண்டி ஒரு நாள் நான் இருமிக் காட்டினேன். அம்மா அடிக்கவில்லை, ஏசவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து நான் வயிற்றுவலிக்கு மாறிக்கொண்டேன். வயிற்றுவலியை வைத்துக்கொண்டே எட்டாம் வகுப்பு வரை ஓட்டினேன். பிறகு பள்ளிக்கூடமும் நானும் மனஸ்தாபம் இல்லாமல் பிரிந்துவிட்டோம். அப்போதிருந்து பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனியில் இருக்கிறேன்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஒரு கேசட் நுழைந்தது.

கொண்டுவந்தவர் ஐயாதுரை. மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். அதோடு ஒரு ஆர்கெஸ்ட்ராவும் வைத்திருந்தார். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவர் குழுதான் வாசிக்கும். என் அண்ணன் லீவு நாளில் அதில் பாடுவான். ஐயாதுரையின் மைத்துனர் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக்காரப் பாட்டு அந்தக் கேசட். ராக் என்று அதற்குப் பேர் சொன்னார். பாடுகிறவனின் குரல் எப்படி இருந்தது தெரியுமா? லாரியின் பின்பலகையைத் திறந்துவிட்டுச் சரளைக்கல்லை இறக்குவார்களே, அப்படி. எனக்குப் பல் கூசியது. அண்ணனோ டேப்ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் கண்மூடி நிற்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"அண்ணாச்சி, இவன் எப்படிப் பாடுதான்?"

"தொண்டையைக் கிழிச்சிருப்பான்லே," என்றார் ஐயாதுரை. "புதுச் செருப்பு மாதிரிதான். மொதல்ல கடிக்கும், பொறவு பழகிரும். நம்ம செட்டுல ஒருத்தனுக்கு இந்தக் குரலு வந்துச்சுன்னா, ராஜபாளையத்துல வேற ஒருத்தன் ஸ்டேஜ் போட முடியாது."

"எனக்கு வருமா?"

"வரவழைக்கணும்லே. மிளகாய் பஜ்ஜியைச் சூடாத் தின்னுட்டு, அது மேல ஐஸ் சோடாவை ஊத்து. தொண்டை தானா கரகரங்கும். அப்படியே புடிச்சுக்கோ."

அண்ணன் பிடித்துக்கொண்டான். பாடிப் பழக அவனுக்கு வேறு நேரம் ஏது? விடிந்தால் பஸ், இருட்டினால் பஸ். அதனால் பஸ்ஸிலேயே பழக ஆரம்பித்தான். ஊர்ப் பேர்களையெல்லாம் அந்தக் கரகரக் குரலில், எஞ்சின் இரைச்சலுக்கு மேலே கத்துவது. எஞ்சினை ஜெயிக்கிற தொண்டை மேடையையும் ஜெயிக்கும் என்பது கண்டக்டர் கணக்கு. தளவாய்புரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் எத்தனை நிறுத்தம் உண்டோ அத்தனைக்கும் தொண்டையைத் தேய்த்தான். திரும்பி வரும்போது மறுபடியும் தேய்த்தான்.

பால்கோவா டப்பாக்களை ஏற்றிக்கொண்டு தினமும் வருகிற ஒரு அக்கா பொறுக்க முடியாமல் கேட்டாள். "ஏம்ப்பா கண்டக்டரு, டிக்கெட்டு எடுத்துட்டோம்ல? பொறவும் எதுக்கு ஏசுத?"

"ஏசலக்கா. பாட்டு பழகுதேன்."

"பாட்டா? நான் எந்திரிச்சு எறங்கிறலாமான்னு பாத்தேன்."

பஸ்ஸே சிரித்தது. வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. முதல் நாள் அவன் வந்து, "ம்மா, சோறு போடு," என்று அந்தக் குரலில் கேட்டபோது, அம்மா கையில் இருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. அம்மாவின் பேர் வெள்ளத்தாய். பேருக்கு ஏற்ற மாதிரி எதற்கும் பொங்குகிறவள். அன்றைக்குக் குரல் எழும்பவில்லை.

"ஏலே ராசு... அந்தக் குரல்ல கேக்காதய்யா."

"சும்மா, பாட்டுக்குப் பழகுதேம்மா."

"அவியளும் மொதல்ல சும்மா சளின்னுதான் சொன்னாவ."

அண்ணன் அதற்குப் பிறகு வீட்டில் நல்ல குரலில் பேசினான். கொஞ்ச நாள்தான். ஆனி முடிகிற சமயத்தில் நான் ஒன்றைக் கவனித்தேன். அவன் சவரம் செய்யும்போது பாடுவதை விட்டுவிட்டான். கேட்டால் தலையை ஆட்டுகிறான். காலையில் எழுந்ததும் குரலைச் செருமிச் செருமிப் பார்க்கிறான். கரகரப்பைக் கூப்பிட்டவன் அவன்தான், ஆனால் அது போகச் சொன்னால் போக மாட்டேன் என்கிறது. எச்சில் விழுங்கும்போது கழுத்து நரம்பு தனியாக ஏறி இறங்கியது. எனக்கு டம்ளர் ஞாபகம் வந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று தோன்றியது.

ஆடிப்பூரத் தேர் அன்றைக்கு அது தானாகவே நிஜமானது.

நானும் அம்மாவும் தேர் பார்க்க அண்ணன் பஸ்ஸிலேயே போனோம். கூட்டமென்றால் கூட்டம். மூச்சு விடுவதற்கே முறை வைக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைகிற இடத்தில், மடவார்வளாகத்தில் பஸ் நின்றது. பின்வாசல் வழியாக ஒரு வயசான அம்மா, தலைச்சுமைக் கூடையோடு இறங்கினாள். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். அதற்குள் முன்னால் போலீஸ்காரர் கையை வீச, கருத்தையா கிளட்ச்சை விட்டுவிட்டார்.

கூட்டத்தில் நசுங்கியபடி அண்ணன் அதைப் பார்த்தான். ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறுகையில் யாருக்கோ கொடுக்க வேண்டிய சில்லறை. விசில் சட்டைப்பையில். "ஹோல்டான்!" என்று கத்த வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை. வாய் முழுசாகத் திறந்திருக்கிறது, கழுத்தில் நரம்பு புடைத்து நிற்கிறது, வருவதெல்லாம் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சீறல். சில்லறையை அப்படியே விட்டுவிட்டு பஸ் தகரத்தை ஓங்கி ஓங்கித் தட்டினான். நான் அலறினேன். "நிறுத்துங்க அண்ணாச்சி!" பஸ் நின்றது. அந்த அம்மா ரோட்டில் உட்கார்ந்த மேனிக்கு விழுந்து கிடந்தாள். கூடை உருண்டு, கத்தரிக்காய்கள் சக்கரத்துக்கு அடியில். முழங்கையில் சிராய்ப்புதான். இன்னும் ஒரு முழம் பஸ் நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நான் முழுசாக நினைப்பதில்லை.

கருத்தையா இறங்கி ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. "ஏலே, கூப்பிட மாட்டியா? ஊருக்கே கேக்க கத்துவ, இன்னைக்கு என்னலே நோக்காடு?"

அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். மறுபடியும் காற்றுதான் வந்தது. அவன் கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு திரும்பினான். நடுச்சீட்டில் அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

அந்த வருஷம் தேரை எங்கள் குடும்பம் இல்லாமல்தான் இழுத்தார்கள்.

மறுநாள் மதுரை பெரிய ஆஸ்பத்திரி. அப்பாவைக் கொண்டுபோன அதே வாசல். அம்மா கேட்டைத் தாண்டி வர மறுத்துவிட்டாள். "நான் வந்தா ராசி ஆகாது, நீ போ," என்று என்னை அனுப்பிவிட்டு, வெளியே பழக்கடை ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பொறுப்பான காரியம் எதையும் என்னை நம்பிக் கொடுக்காதவள்.

தொண்டை டாக்டர் ஒரு சின்ன வயசு அம்மா. அண்ணன் நாக்கைக் காஸ் துணியால் பிடித்து வெளியே இழுத்தார். எங்கள் கம்பெனியில் மடிக்கிற அதே துணி. யார் யார் நாக்கையெல்லாம் பிடிப்பதற்கு மடிக்கிறோமோ என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியை விளக்குச் சூட்டில் காட்டி, வாய்க்குள்ளே விட்டு, "ஈ சொல்லுங்க," என்றார். அண்ணன் சொன்னது எந்த எழுத்திலும் சேராது. டாக்டர் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், போய்க் கை கழுவினார். அந்தக் கை கழுவுகிற நேரம் இருக்கிறதே, அது என் ஆயுசில் பாதி.

"டாக்டரம்மா, எங்கப்பாவுக்கு வந்ததா இவனுக்கும்?"

அவர் திரும்பினார். அப்பாவுக்கு என்ன வந்தது என்று கேட்டார், தொண்டையில் புற்று என்றேன். அவர் குரல் இளகியது. "பார்க்கிறதுக்கு அப்படித் தெரியலை. மண்வெட்டி பிடிச்சா உள்ளங்கை காய்ச்சுப் போகுதுல்ல? அந்த மாதிரி குரல் நாண்ல ரெண்டு பக்கமும் காய்ச்சிருக்கு, வீங்கியிருக்கு. ஓய்வு கொடுத்தா வத்தும். வத்தலைன்னா கொஞ்சம் கிள்ளி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

"வத்தும்" என்பதை எடுத்துக்கொண்டு நான் அம்மாவிடம் ஓடினேன். அவள் "வத்தலைன்னா" என்பதை மட்டும் கேட்டாள்.

உத்தரவு இதுதான்: பேசவே கூடாது. கிசுகிசுவென்று பேசுவது இன்னும் மோசம், அதில்தான் தொண்டை அதிகம் இறுகும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஆவி பிடிக்க வேண்டும். பஜ்ஜியையும் ஐஸ் சோடாவையும் தலைமுழுகியாயிற்று.

பேசாத கண்டக்டரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? விஷயம் தெரிந்தால் மறுநாளே வேறு ஆள் படியில் நிற்பான். கருத்தையாதான் யோசனை சொன்னார். "விசில் ஒனக்கு, வாய் எங்களுக்கு. முதலாளி காதுக்குப் போவாது. நீ சும்மா கெட."

அண்ணன் விசிலும் கையுமாக டிக்கெட் கிழித்தான். நிறுத்தங்களைப் பயணிகளே கூப்பிட்டுக்கொண்டார்கள். யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. பால்கோவா அக்கா பஞ்சு மார்க்கெட்டை எடுத்துக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கட்சிக்காரர்களைக் கூப்பிடுகிற டவாலி ஒருவர் தினமும் வருவார். அவருக்கு மொட்டமலை நிறுத்தம். கோர்ட் வழக்கப்படி, "மொட்டமலை! மொட்டமலை! மொட்டமலை!" என்று மூன்று தரம் கூப்பிடுவார். மொட்டமலை ஆஜராகாவிட்டால் வழக்கைத் தள்ளிவிடுவார்கள் போல இருக்கும். ஒரு நாள் முதலாளியே ஏறினார். பஸ்ஸில் ஏன் இத்தனை பேர் கூவுகிறார்கள் என்று கேட்டார். "கூட்டம் சாஸ்தி முதலாளி, ஆளாளுக்கு அவசரம்," என்றார் கருத்தையா. அண்ணன் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி டிக்கெட் கட்டு நனைந்தது.

வீட்டில் நிலைமை வேறு. அண்ணன் பேசாதிருப்பது மருந்து என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் பேசாத ஆண்பிள்ளையைப் பார்த்தால் அவளுக்கு எங்கே மனசு போகும் என்று எனக்கும் தெரியும். அவன் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைப்பான். 'டக்'. அம்மா திரும்புவாள். அவன் அதைக் கண்டுகொண்டு, அதற்குப் பிறகு டம்ளரைத் துணி மேல் வைக்க ஆரம்பித்தான்.

மறுபடி கண்ணாடி விட்டுப் பார்க்கப் போன நாளில் பஸ்ஸில் மதுரை வரை என் கையை விடவில்லை அவன். டாக்டர் பார்த்துவிட்டு, "வத்தியிருக்கு," என்றார். "ஈ" என்றது அண்ணன் குரல். மெலிசாக, காய்ச்சலில் கிடந்து எழுந்த மாதிரி, ஆனால் குரல்.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இவன் மறுபடியும் ராக்குதான் பாடுவான் டாக்டரம்மா, தடுத்து எழுதிக் கொடுங்க," என்றேன். அண்ணன் என் காலை மிதித்தான்.

டாக்டர் சிரித்தார். "பாடுறதைத் தடுக்க மருந்து இல்லை. முதல்ல சின்னப் பிள்ளைங்க உதட்டாலே பஸ் ஓட்டுமே, புர்ருன்னு, அப்படி மெதுவா ஏத்தி எறக்கிப் பழகுங்க. பொறவு நல்ல குரல்ல பாடுங்க. கரகரப்பைக் கத்தி வரவழைக்காதீங்க. அரிச்சாலோ, வலிச்சாலோ, இருமல் வந்தாலோ அங்கேயே நிறுத்திடணும். பாடின அன்னைக்கு எதுவும் தெரியாது. மறுநாள் காலையில குரல் தெளிவா இருந்தா செஞ்சது சரி. இல்லைன்னா தப்பு. மறுபடி காய்ச்சுப் போனா கத்தி வைக்கத்தான் வேணும்."

கத்தி என்ற சொல்லைத் தவிர மற்றதை அம்மாவிடம் சொன்னேன்.

வீட்டில் பழக முடியாது. அதனால் மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் செத்த நேரம் நிற்கும்போது, ஆள் இல்லாத பஸ்ஸுக்குள் உட்கார்ந்து பழகினான். கம்பெனி லீவு நாளில் நான் காவலுக்குப் போவேன். அவன் கடைசிச் சீட்டில் உட்கார்ந்து உதட்டால் "புர்ர்ர்ர்" என்று ஏற்றி இறக்குவான். வெளியே வெள்ளரிக்காய் விற்கிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கண்டக்டரு வண்டிய வாயிலயே ஓட்டுதாரு பாரு."

"டீசல் மிச்சம்லே!"

அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புர்ர் முடிந்ததும் நல்ல குரலில் தாழ்வாகப் பாடுவான். கரகரப்புக்கு வந்ததும் நின்றுவிடுவான். அவனுக்குப் பயம். வாயைத் திறப்பான், மூடுவான். ஒரு நாள் வெறுத்துப்போய் எழுந்து, கீரைக் கட்டு மூட்டை ஒன்றை பஸ் கூரைக்கு ஏற்றிவிடப் போனான். "ம்ம்ஹ்ர்ர்" என்று ஒரு முக்கலோடு மூட்டையைத் தூக்கினான். தூக்கினவன் ஏணியில் அப்படியே நின்றான்.

"ஏட்டி, கேட்டியா?"

"என்னத்த?"

"இப்ப வந்துச்சே ஒரு உறுமல். தொண்டையில ஒண்ணுமே தெரியலட்டி. வயித்துலருந்து வருது, மேல எங்கயோ லேசா நடுங்குது. அம்புட்டுதான்."

மூட்டையை இறக்கி மறுபடி ஏற்றினான். மூட்டைக்குச் சொந்தக்காரர், "யோவ், ஏத்துதியா எறக்குதியா?" என்று சண்டைக்கு வந்தார்.

அன்றிலிருந்து அதையே பிடித்தான். முதலில் நல்ல குரலில் ஒரு சுரம், சாவகாசமாக. அது நிலைத்து நின்ற பிறகு, மூட்டை தூக்குகிற முக்கலில் ஒரு துளி அதன் மேலே. துளிதான். கழுத்தில் கையை வைத்துப் பார்ப்பான். நரம்பு புடைத்தால் நிறுத்திவிடுவான். ஒரு மடக்குத் தண்ணீர், மறுபடியும் நல்ல குரல். எனக்குக் கொடுத்த வேலை அவன் முகத்தைப் பார்ப்பது. அவன் முகம் சுளித்தால் நான் பஸ் தகரத்தைத் தட்ட வேண்டும். பொய்யாகவே பலமுறை தட்டியிருக்கிறேன். ஏனென்றால் அந்தக் குரல் வரும்போதெல்லாம் அவன் பாடுகிறானா, அப்பா கூப்பிடுகிறாரா என்று ஒரு நொடி தெரியாது.

ஐயாதுரைக்குத் திருப்தி இல்லை. "என்னலே இது, பூனை உறுமுத மாதிரி? சத்தம் பத்தாது."

"சத்தம் போடுதது மைக்கோட வேலை அண்ணாச்சி. என் வேலை இல்ல. மைக்கை வாய்ப்பக்கத்துல வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். பூனை புலியானது. ஐயாதுரை வாயைத் திறந்தவர் மூட நேரமானது.

பங்குனிப் பொங்கலுக்கு செட்டியார்பட்டியில் கச்சேரி வைத்தார்கள். பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரத்துக்கே ஆரம்பம். அண்ணன் ஒரே ஒரு பாட்டை அந்தக் குரலில் பாடுவதாக ஒப்புக்கொண்டான். நடுவில்தான், முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அம்மா வர மாட்டேன் என்றாள். வராமல் என்ன பயன்? ஐயாதுரையின் குழாய் ஸ்பீக்கர் எங்கள் வீட்டு எதிர்க் கம்பத்தில்தான் கட்டியிருந்தது. நான் அம்மாவுக்குத் துணையாக இருந்தேன். கச்சேரிக்குப் போக எனக்கு ஆசை இல்லை என்று சொன்னேன். அதை அவள் நம்பவில்லை, ஆனால் போ என்றும் சொல்லவில்லை.

அவன் பாட்டு வந்தது. முதல் வரி நல்ல குரல். இரண்டாவதில் அந்தக் கரகரப்பு. குழாய் வழியாகத் தெரு முழுக்க எங்கள் அப்பாவின் கடைசி வருஷத்துக் குரல், தாளத்தோடு, ஜனங்களின் விசிலோடு. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நின்றது.

"ஏட்டி, அது அவன் வேணும்னுதான் பண்ணுதானா?"

"வேணும்னுதாம்மா. நிப்பாட்டணும்னா நிப்பாட்டிருவான்."

"அவியளால நிப்பாட்ட முடியலையே."

அவள் சொல்லி வாயை மூடவில்லை, பாட்டு பாதியில் அறுந்தது. ஒரு எழுத்தின் நடுவிலேயே. அம்மா சுளகைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "என்னாச்சு அவனுக்கு? ஏட்டி, என்னாச்சு?"

"கரண்டும்மா! கரண்டு போயிருச்சு. பாரு, தெருவே இருட்டு."

அவளைப் பிடித்து உட்கார வைக்கும்போது எனக்கு நிஜமான பயம் பிடித்தது. மேடைப் பக்கமிருந்து ஜனங்கள் கத்துவது கேட்டது. "பாடு! மைக்கு இல்லாம பாடு! ஏலே, கத்திப் பாடு!" மைக் இல்லாமல் அந்தக் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். கத்தினால் காய்ப்பு, கத்தி, டெஸ்ட். அவன் ரோஷக்காரன். ஊர்க்காரன் கேட்டு இல்லையென்று சொன்னதில்லை. காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். கூச்சலில் அவன் குரல் இருந்ததா இல்லையா என்று பிரிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தவன் பேசவில்லை. கரண்டு இன்னும் வரவில்லை, அம்மா விளக்கைத் தூக்கி அவன் முகத்தில் பிடித்தாள். வாயில் விரலை வைத்து, பேசக் கூடாது, ஓய்வு என்று சைகை காட்டினான். படுத்துவிட்டான். கண்ணை மூடினான், தூங்கவில்லை. எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் கிடந்தேன்.

விடிந்தது. அவன் எழுந்து பல் தேய்த்தான். முகம் கழுவினான். பேசவில்லை. அம்மா அடுப்படி வாசலில் நின்று அவன் வாயையே பார்த்தாள். "ராசு," என்றாள். அவன் 'ம்' கூடச் சொல்லாமல் தலையை ஆட்டினான். பேன்ட் போட்டான், பையை மாட்டினான். முதல் டிரிப்புக்கு நேரமாகிவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இது ஓய்வு இல்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. இப்படியே பஸ்ஸேறிப் போய்விடுவான். அம்மா நாள் முழுக்க இந்த வாசலிலேயே நிற்பாள்.

நான் அவனுடைய காப்பியை எடுத்து, உப்புச் சாடியில் கையை விட்டேன். சும்மா கிள்ளிப் போடவில்லை, ஒரு பிடி. நன்றாகக் கலக்கி மரியாதையாக நீட்டினேன். அவசரத்தில் ஒரே மூச்சில் பாதியை உள்ளே விட்டான்.

"அட நாசமாப் போறவளே! எருமை! காப்பியா இது? கடல்தண்ணியாட்டி?"

மணி மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

அண்ணன் டம்ளரோடு அப்படியே நின்றான். சொந்தக் குரல் தெருக்கோடி வரை போய்வருவதை அவனே கேட்டுக்கொண்டிருந்தான் போல. பிறகு மெதுவாக, "மைக்கு இல்லாம பாடலம்மா," என்றான். "மேடையிலயே உக்காந்துட்டேன். கத்துனானுவ. ஒருத்தன் செருப்பக்கூட எறிஞ்சான். கரண்டு வரட்டும்னு உக்காந்தே இருந்தேன்."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அவன் முன்னால் நிறுத்தினாள்.

"இன்னொரு தடவை ஏசுய்யா அவள."

அவன் ஏசினான். பஸ் தவறிப் போகிற அளவுக்கு, நிறுத்தி நிதானமாக, என் சிறு வயசிலிருந்து ஆரம்பித்து ஒன்றையும் விடாமல் ஏசினான். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டேன். அம்மா தூணில் சாய்ந்து, கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.